வெள்ளிக்கிழமையின் இரண்டாவது கோடு

புதன்கிழமை காலை எட்டே காலுக்குக் குலசிங்கத்தின் அறைக்குப் படியேறி வந்த மனிதர் கதவருகிலேயே நின்றுவிட்டார். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசங்கள் அணிந்திருந்தார்.

"உள்ளுக்க வரலாமோ தெரியேல்லை, ஐயா. எனக்கு வைரஸ் இருக்கெண்டு டெஸ்ட் சொல்லுது. எனக்கெண்டா ஒரு தும்மலும் இல்லை."

குலசிங்கம் ஜன்னல்கள் இரண்டையும் திறந்து, ஒரு கதிரையை அதன் அருகே இழுத்துப் போட்டார். "இருங்கோ. நல்லாக் காத்து வருது. ஆறுதலாச் சொல்லுங்கோ."

குலசிங்கம் பொலிஸ்காரர் அல்லர். ஒரு கப்பல் காப்புறுதி நிறுவனத்துக்காக முப்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் பழுதான சரக்குகளைப் பார்த்து, பழுது கடலில் வந்ததா கரையில் வந்ததா என்று எழுதிக் கொடுத்தவர். நனைந்த சீனி மூட்டையில் விரலை வைத்து நாக்கில் தொட்டே அது கடல் நீரா மழை நீரா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் உட்துறைமுக வீதியில் இந்த மாடி அறையை அவர் விடவில்லை. யாராவது ஒருவர் தீராத சந்தேகத்தோடு படியேறி வருவார், இவர் அதை அவிழ்த்துக் கொடுப்பார்.

வந்தவருக்குப் பின்னாலேயே அபூதாஹிரும் ஏறி வந்து வாசலில் நின்றார். கீழே முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. குலசிங்கத்தின் ஒவ்வொரு விசாரணையிலும் குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். இதுவரை ஒரு தடவையும் சரியாகக் கண்டுபிடித்ததில்லை என்பது வேறு கதை. அதற்காக அவர் ஒருநாளும் மனம் தளர்ந்ததில்லை.

வந்தவர் பெயர் ஜெயக்காந்தன். சீனக்குடாவில் வீடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கயிறு பிடித்து மேடையோடு கட்டும் வேலை.

"மனிசி சிவாஜினிக்குப் புரட்டாதியில கண்டியில கிட்னி மாத்தினது, ஐயா. தங்கச்சி லோஜினிதான் தன்ர கிட்னியைக் குடுத்தவ. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் உவர்மலையில லோஜினியின்ர வீட்டிலதான். லோஜினி ஒரு தனியார் ஆய்வுகூடத்தில ரத்தம் சோதிக்கிற வேலை, ஒரு தூசி விடமாட்டா. நான் நாலு நாட்டுக் கப்பல்காரரோட நிக்கிறவன். எனக்கு வாற சின்னத் தடிமன் அவவுக்குப் பெரிய ஆபத்து எண்டு டொக்டர் சொன்னவர். அதால மூண்டு மாசம் போனில மட்டும்தான் கதைச்சனான்."

"பிறகு?"

"தைப்பொங்கலுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா வந்து பாக்கலாம் எண்டினம். வரமுந்தி வீட்டில அன்டிஜன் டெஸ்ட் செய்து படம் அனுப்பவேணும். லோஜினி அஞ்சு பக்கற் தந்தவ. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை. ஒரு கோடுதான் வந்தது. போய் ஒரு மணித்தியாலம் தள்ளி இருந்து கதைச்சிட்டு வந்தனான். பிறகு லீவு வெள்ளிக்கிழமைக்கு மாறீட்டுது. மூண்டு வெள்ளி, மூண்டு தடவையும் ரெண்டு கோடு, ஐயா."

அவர் சற்று நேரம் கீழே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் முறை வந்த உடன, அடுத்த நாள் ஆசுப்பத்திரிக்குப் போய் மூக்கில எடுத்து, பிசிஆர் எண்ட பெரிய டெஸ்ட் செய்தனான். இல்லை எண்டுதான் வந்தது. லோஜினி சொன்னா, ஆய்வுகூட டெஸ்ட் சிலவேளை பிடிக்காது அத்தான், வீட்டில செய்யிறதுதான் கூர்மை எண்டு. படிச்ச பிள்ளை. நான் என்ன சொல்லேலும்?"

"இப்ப என்ன அவசரம்?"

"மாசிக் கடைசியில வீட்ட கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு டொக்டர் சொன்னவர். வீட்டில ஒருத்தருக்கும் தொத்து வருத்தம் இருக்கக்கூடாது. திங்கட்கிழமை கிளினிக். இந்த வெள்ளியும் ரெண்டு கோடு வந்தா, இன்னும் ஆறு மாசம் தன்னோடயே வைச்சிருக்கப்போறன் எண்டு லோஜினி சொல்லிப்போட்டா." அவருடைய குரல் இறங்கியது. "வீட்டில நான் ரேடியோவோட கதைக்கிறன், ஐயா. பகிடிக்குச் சொல்லேல்லை."

"லோஜினியை எப்ப கடைசியாப் பாத்தனீங்கள்?"

"போன வெள்ளி. ரெண்டு கோடு வந்ததுக்குப் பிறகும் மனம் கேக்கேல்லை. பாரை மீன் வாங்கிக்கொண்டு போய்ப் படலைக்கு வெளியில நிண்டனான். பாவம், லோஜினி முகக்கவசமும் போடாம ஓடி வந்து என்ர கையிலயிருந்தே பையை வாங்கி, 'உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ அத்தான்' எண்டவ. அப்பிடிப் பாசம்."

குலசிங்கம் அவருடைய தொலைபேசியைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே செய்தி: 'வைச்சிட்டன்.' நேரம் பத்தேகால். அதன் கீழே படம். நேரம் முதல் வெள்ளி பன்னிரண்டு நாலு, அடுத்தது பன்னிரண்டு இரண்டு, மூன்றாவது பன்னிரண்டு ஐந்து. ஞாயிற்றுக்கிழமைப் படம் மட்டும் 'வைச்சிட்டன்' வந்து இருபது நிமிடத்தில் வந்திருந்தது.

"மிச்சம் எத்தனை பக்கற் இருக்கு?"

"ஒண்டு."

"போற வழியில பார்மசியில இன்னொண்டு வாங்குவம். தாஹிர், வண்டியை எடுங்கோ."

சீனக்குடா போகும் வழியெல்லாம் அபூதாஹிர் திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டே வந்தார். "சேர், இது தேசிக்காய்ப் புளி. கொரோனா நேரம் பள்ளிக்கூடப் பொடியன்மார் செய்த வேலை. புளியை அந்தக் குழியில விட்டா ரெண்டு கோடு வரும். மச்சினிச்சி பக்கற்றுக்குள்ள விட்டிருக்கா."

"பக்கற் ஒட்டின மாதிரியே இருந்ததோ?" என்று குலசிங்கம் ஜெயக்காந்தனைக் கேட்டார்.

"ஓம் ஐயா. கத்தரிக்கோலால நான்தான் வெட்டினனான்."

"அப்ப வெக்கை," என்றார் அபூதாஹிர். "தகரக் கூரை. பழுதாப் போயிருக்கும்."

"பழுதாப் போனா ஞாயிற்றுக்கிழமையும் பழுதாப் போயிருக்கவேணும், தாஹிர். ரோட்டைப் பாருங்கோ."

வீட்டுக்குக் கூரை ஓடு. பக்கற்றுகள் அலுமாரியில் குளிர்ச்சியான தட்டில் இருந்தன. காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. குலசிங்கம் அறைகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, புது நுளம்புவலை கட்டி, கட்டிலருகே கைகழுவக் குழாயும் வைத்திருந்தது. அந்தக் கட்டிலில் இன்னும் யாரும் படுக்கவில்லை. குசினிச் சுவரில் நாட்காட்டி. கிழமைகளுக்குக் கீழே சில நேரங்கள் சிவப்புப் பேனையால் ஒரு பெண்ணின் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

"வெள்ளிக்கிழமை எப்பிடிச் செய்வியளோ அப்பிடியே இப்பவும் செய்யுங்கோ," என்றார் குலசிங்கம்.

ஜெயக்காந்தன் கைகழுவினார். மூக்கின் இரு துவாரங்களிலும் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி, குப்பித் திரவத்தில் கலக்கி, நாலு துளி விட்டார். குறை சொல்ல ஏதுமில்லை. பிறகு மேசையில் வைத்து, தோய்த்து உலர்த்திய துவாய் ஒன்றால் மூடினார்.

"எவ்வளவு நேரம் வைக்கச் சொன்னவ?"

"கால் மணித்தியாலம் கழிச்சுப் பாக்கச் சொன்னவ. கூட இருந்தா இன்னும் வடிவாத் தெரியும்தானே?"

"தாளில என்ன போட்டிருக்கு?"

"தாள் ஒண்டும் இல்லை, ஐயா. பெரிய பெட்டியிலயிருந்து அஞ்சு பக்கற் எடுத்துத் தந்தவ."

சரியாகப் பதினைந்தாவது நிமிடம் குலசிங்கம் துவாயை உயர்த்தினார். ஜெயக்காந்தனின் கை தடுக்கப்போவதுபோல் நீண்டது. உடனே நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். ஒரே ஒரு கோடு. குலசிங்கம் படமெடுத்தார். ஜெயக்காந்தன் கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

"இதை மட்டும் நம்பக்கூடாது," என்றார் குலசிங்கம். "இந்த டெஸ்ட் தொத்தின முதல் நாளுகளில பிடிக்காம விடும். நாப்பத்தெட்டு மணித்தியாலம் விட்டு இன்னொண்டு செய்யவேணும். அது வெள்ளிக்கிழமை காலமை. அதுவரைக்கும் ஆரோடயும் கிட்டப் போகாதீங்கோ. இப்ப இதைத் திருப்பி மூடுங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் குலசிங்கம் தனியாகப் போய்த் துவாயைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு படம் எடுத்து, தட்டை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டினார். அபூதாஹிர் எட்டிப் பார்த்தும் பலனில்லை.

"ஆள் ஆர் சேர்?"

"வெள்ளிக்கிழமை சொல்லுறன்."

அபூதாஹிர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உவர்மலை வீட்டின் முன்விறாந்தையில் நாலு கதிரைகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. உள்ளே, கம்பி ஜன்னலுக்கு அப்பால், முகக்கவசத்தோடு சிவாஜினி இருந்தார். மருந்துகளால் முகம் ஊதியிருந்தது. கண்கள் மட்டும் கணவரைவிட்டு அசையவில்லை. லோஜினிக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டைப் போலவே துப்புரவான பெண். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டுத் தூணருகே நின்றார்.

ஜெயக்காந்தன் எல்லோர் முன்னாலும் பரிசோதனையைச் செய்தார். பத்து இருபத்தைந்துக்குக் குலசிங்கம் தட்டை ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு கோடு.

"புதன்கிழமையும் இப்பிடித்தான்," என்று தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார். "ரெண்டு நாள் இடைவெளி, ரெண்டு தடவை, ஒவ்வொரு கோடு. ஆசுப்பத்திரி டெஸ்ட்டும் இல்லை எண்டுதான் சொன்னது. இவருக்கு ஒண்டும் இல்லை. இருந்ததும் இல்லை."

"அப்ப அந்த மூண்டு வெள்ளியும்?" என்றார் சிவாஜினி.

குலசிங்கம் உறையைக் கிழித்துப் புதன்கிழமைத் தட்டை மேசையில் வைத்தார். "இதுவும் அதே டெஸ்ட்தான். கால் மணித்தியாலத்தில ஒரு கோடு. ரெண்டு மணித்தியாலம் போகவிட்டுப் பாத்தனான்."

அபூதாஹிர் பாய்ந்து வந்து குனிந்தார். ஜெயக்காந்தனும் எழுந்தார். சிவாஜினி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தார். முதற் கோட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், மெல்லிதாக, இரண்டாவது கோடு.

"ஜின் வேலையோ, சேர்?"

"காய்ஞ்ச வேலை, தாஹிர். ஈரம் காயேக்க சிலவேளை இப்பிடி ஒரு பொய்க்கோடு விழும். எல்லாத்திலயும் வராது, ஆனா வரும். அதுக்குத்தான் இத்தனை நிமிசத்துக்குப் பிறகு பாக்கவேண்டாம் எண்டு பெட்டித் தாளில எழுதியிருக்கு. இவருக்குத் தாள் கிடைக்கேல்லை."

"கால் மணித்தியாலத்தில பாக்கிறதுக்கென்ன? ஏன் பன்னிரண்டு வரைக்கும் இருந்தவர்?" என்றார் அபூதாஹிர்.

"வெள்ளிக்கிழமை பத்தரையிலயிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, குளிச்சு, ராகு காலத்துக்கு முந்தித் தொடங்கவேணும் எண்டு பத்தேகாலுக்கு வைப்பார். பாக்கிற நேரம் வரேக்க ராகு காலம் தொடங்கீடும். நல்லது கெட்டது தெரியிற விசயத்தை அந்த நேரத்தில பாக்கக்கூடாதெண்டு துவாயால மூடிப்போட்டு, பன்னிரண்டு அடிச்ச கையோட திறப்பார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பின்னேரம். அதால அண்டைக்கு நேரத்துக்குப் பாத்தவர், ஒரு கோடு."

ஜெயக்காந்தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நானே எனக்குச் செய்தனானோ?"

"நான்தான் அவருக்குச் சொன்னனான்," என்றார் சிவாஜினி. "கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் சொல்லிச் சொல்லி வைச்சனான். அவருக்கு அதில ஒரு நம்பிக்கையும் இல்லை. நான் வீட்டில இல்லாத நேரமும் ஏன் அதைப் பாத்தவர்?"

"நீ சொன்னது எண்டுதான்," என்றார் ஜெயக்காந்தன்.

வழக்கு முடிந்ததென்று அபூதாஹிர் சாவியைக் கையில் எடுத்தார். குலசிங்கம் கதிரையை விட்டு எழவில்லை.

"பிழை விட்டது ஆரெண்டு தெரிஞ்சுது," என்றார் அவர். "அதை மூண்டு கிழமை திருத்தாம விட்டது ஆர் எண்டது மிச்சம் கிடக்கு. தங்கச்சி லோஜினி, இந்த உறையைப் பிரிச்ச நேரம் எல்லாரும் எட்டிப் பாத்தினம். நீங்கள் மட்டும் பாக்கேல்லை. உள்ளுக்க என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

லோஜினி தூணில் சாய்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"பத்தேகாலுக்கு வைச்சது, பன்னிரண்டுக்கு எடுத்த படம். ரெண்டும் உங்கட போனுக்கும் வந்திருக்கு. சரி, கவனிக்கேல்லை எண்டே வைப்பம். ஆனா ஆய்வுகூட டெஸ்ட் பிடிக்காது, வீட்டு டெஸ்ட்தான் கூர்மை எண்டு அத்தானுக்குச் சொன்னனீங்கள். அது தலைகீழ். ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஒருத்தரும் தெரியாம அப்பிடிச் சொல்லமாட்டினம். அதுக்கும் மேல, மீன். வைரஸ் இருக்கெண்டு நீங்கள் உண்மையா நம்பின ஒருத்தரின்ர கையிலயிருந்து முகக்கவசம் இல்லாமப் பையை வாங்கிக்கொண்டு, அக்கா இருக்கிற வீட்டுக்குள்ள நீங்கள் போயிருக்கமாட்டியள். உங்கட உடம்பில ஒரு பங்கைக் குடுத்துக் காப்பாத்தின அக்கா."

"முதல் வெள்ளி உண்மையாப் பயந்தனான்," என்றார் லோஜினி. "அண்டு பின்னேரம்தான் நேரத்தைப் பாத்தனான். அத்தானுக்கு உடன எடுத்துச் சொல்ல போனைக் கையில எடுத்தனான். அந்த நேரம் அக்கா குசினிக்கு வந்து, சாப்பிட்டியோ எண்டு கேட்டவ." அவர் நிறுத்தினார். "அம்மா போய்ப் பதினொரு வருசம், ஐயா. அதுக்குப் பிறகு இந்த வீட்டில என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. ஒரு கிழமை இருக்கட்டும் எண்டு நினைச்சன். பிறகு இன்னும் ஒரு கிழமை. நான் ஒண்டும் செய்யேல்லை. சொல்லாம மட்டும் இருந்தனான்."

மூன்று வாரமாக ஜெயக்காந்தன் தேடிய எதிரி, தன் மனைவிக்கு உயிர் கொடுத்தவர். அவரால் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

சிவாஜினி ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார். "என்னட்டக் கேட்டிருக்கலாமே, லோஜி. இன்னும் கொஞ்ச நாள் இரு எண்டு."

"கிட்னி வேணுமெண்டு நீங்கள் ரெண்டு பேரும் கேட்டனீங்கள். நான் ஓம் எண்டனான், யோசிக்கவும் இல்லை. நான் கேட்டிருந்தா நீ நிண்டிருப்பியோ, அக்கா?"

சிவாஜினி பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் இருந்த மற்ற நாலு பேரும் அவர் பொய் சொல்ல வேண்டுமென்றே விரும்பினார்கள்.

"இல்லை," என்றார் சிவாஜினி. "அவர் அங்க தனிய இருக்கிறார்."

"நான் இஞ்ச ஆரோட இருக்கிறன்?"

சிவாஜினி முகக்கவசத்துக்கு மேலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கிளினிக் முடிந்ததும் நேரே சீனக்குடாவுக்குப் போவதாகச் சொன்னார். டொக்டரிடம் நடந்தது எல்லாவற்றையும் தானே சொல்வதாகவும் சொன்னார். பிறகு கணவரை ஜன்னலடிக்குக் கூப்பிட்டு, இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அவர் பாணும் சம்பலும் என்றார். லோஜினி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பதினொன்றரைக்கு அபூதாஹிர் ஜும்மாவுக்குப் புறப்பட்டார். ஏறச் சொன்னதற்குக் குலசிங்கம் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார். சரியாகக் கண்டுபிடித்த நாட்களில் அவருக்கு உள்ளே ஒரு சிறு சந்தோசம் இருக்கும். இன்று அது வரவில்லை. அந்தப் பெண்ணின் காரணத்தை அவர் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டிருந்தார்.

படலை வரை லோஜினி கூட வந்தார்.

"அத்தானின்ர மூண்டு கிழமையை எடுத்திட்டன். அதைத் திருப்பிக் குடுக்கேலாது, என்ன?"

"ஏலாது," என்றார் குலசிங்கம்.

லோஜினி தலையாட்டினார். பள்ளத்தில் உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் கட்டுக்கயிறுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. மனிசி தவறிப்போய் ஒன்பது வருசம்."

"அப்ப பின்னேரத்தில என்ன செய்யிறனீங்கள்?"

வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கெல்லாம் காரணத்தோடு பதில் சொன்ன மனிதர் அவர். இப்போது படலையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார் கடைசியில். "பழகீடும் எண்டு எல்லாரும் சொன்னவை. எனக்கு இன்னும் பழகேல்லை."